பதின்மூன்றாம் டாக்டரும் சயாமுக்குப் போனவர்களும்

ஜோடி விட்டேகரின் டாக்டரைப் பிடிக்காதவர்கள் சொல்லும் முதல் குறை, அவர் வேடிக்கை பார்க்கிறார் என்பது. ‘டாக்டர் ஹூ’ தொடரில் அவருக்கு முன் வந்த டாக்டர்கள் பேரரசுகளைக் கவிழ்த்தார்கள். கடவுள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களை ஒரு நீண்ட வசனத்தால் நடுங்க வைத்தார்கள். இவரோ முக்கியமான கட்டங்களில் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிடுகிறார். 2018 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை நீண்ட அவருடைய நான்காண்டுகளைக் கிள்ளானில் இருந்தபடி பார்த்தேன். அண்மையில் முழுவதையும் மறுபடி பார்த்து முடித்தேன். அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. அவர் நிற்கத்தான் செய்கிறார். அப்படி நின்று பார்ப்பதுதான் இந்தத் தொடருக்கு அவருடைய காலம் கொடுத்த பெரிய கொடை என்று நினைக்கிறேன். தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

தொடரை அறியாதவர்களுக்குச் சில செய்திகள். பிபிசி இதை 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கியது. கோலாலம்பூரில் நம் தொலைக்காட்சி பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று. அந்த வகையில் தொடர் நம் தொலைக்காட்சிக்கு ஐந்து வாரம் மூத்தது. டாக்டர் வேற்றுக் கிரகத்தவர். நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் காலத்திலும் வெளியிலும் அலைகிறவர். சாகும் தறுவாயில் உடலை மாற்றிக்கொண்டு வேறொரு ஆளாக எழுந்துவிடுவார். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி 1966இல் விலக வேண்டிவந்தபோது, தொடரை நிறுத்தாமல் நடிகரை மாற்றுவதற்குக் கண்டுபிடித்த வழி அது. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு வயது 24. இந்தத் தொடரின் அஸ்திவாரத்திலேயே ஓர் இந்தியக் கை இருந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்?

நம் சினிமாவில் வேடம் நடிகரை அண்டி வாழ்கிறது. எம்.ஜி.ஆர். எந்தப் படத்தில் எந்தப் பெயரில் வந்தாலும் எம்.ஜி.ஆர்.தான். டாக்டர் ஹூவில் நிலைப்பது வேடம். நடிகர் சில ஆண்டுகள் அதில் குடியிருந்துவிட்டுப் போகிறார். அதனால் ஒருவருடைய காலத்தை மதிப்பிடும்போது அவர் நன்றாக நடித்தாரா என்ற கேள்வி பாதிதான். அவர் இருந்த ஆண்டுகளில் அந்த வேடம் எதைக் கற்றுக்கொண்டது என்பதையும் கேட்க வேண்டும்.

2017 ஜூலை 16 அன்று, விம்பிள்டன் ஆடவர் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு, பதின்மூன்றாம் டாக்டர் ஒரு பெண் என்று பிபிசி அறிவித்தது. தயாரிப்புப் பொறுப்பேற்ற கிறிஸ் சிப்னல், தம்முடைய ‘பிராட்சர்ச்’ தொடரில் மகனைப் பறிகொடுத்த தாயாக நடித்த விட்டேகரையே இதற்கும் அழைத்துவந்தார். உடனே எழுந்த கூச்சலை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 7 அன்று வந்த முதல் அத்தியாயத்தைப் பிரிட்டனில் ஏறத்தாழ 11 மில்லியன் பேர் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் விடைபெற்றபோது அந்த எண்ணிக்கை பாதியளவுக்கு இறங்கியிருந்தது. எண்ணிக்கையை வைத்து எழுதுபவர்கள் அத்தோடு தீர்ப்பை முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தின் பெயர் ‘ரோசா’. சிப்னலுடன் சேர்ந்து அதை எழுதியவர் மலோரி பிளாக்மன். இந்தத் தொடருக்கு எழுதிய முதல் கறுப்பின எழுத்தாளர் அவர். கதை 1955இல் அமெரிக்காவின் மான்ட்கொமெரியில் நடக்கிறது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் கைதாக வேண்டிய மாலை அது. எதிர்காலத்திலிருந்து வந்த ஓர் இனவெறியன் அந்த நிகழ்ச்சியே நடவாதபடி சின்னச் சின்னக் குறுக்கீடுகள் செய்கிறான். ஓட்டுநரை மாற்றப் பார்க்கிறான், பேருந்தில் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்கிறான். அவற்றை முறியடித்துப் பேருந்துக்குள் ஏறிய டாக்டரும் தோழர்களும் இறங்கலாம் என்று எழும்போது, தாங்கள் இறங்கினால் கூட்டம் குறைந்துவிடும், பிறகு யாரும் ரோசாவை எழச் சொல்ல மாட்டார்கள் என்று புரிகிறது. உட்கார்ந்தே இருக்க வேண்டும். கறுப்பினப் பெண்ணை மணந்து, அண்மையில் அவளை இழந்த கிரஹாம் என்ற வயதான வெள்ளைக்காரர், அந்த அநியாயத்தில் தாமும் ஒரு பங்காக அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. பிராட்லி வால்ஷின் முகத்தை அந்தக் கணத்தில் பாருங்கள். இந்தத் தொடரில் எத்தனையோ அரக்கர்களைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். ஒரு பேருந்து இருக்கையைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

கிள்ளான்காரர்களுக்கு இந்தக் கதை மான்ட்கொமெரிக்கு 14 ஆண்டு முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர் கிள்ளான் வட்டார இந்தியச் சங்கத்தின் செயலாளர் ஆர்.எச். நாதன். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடைகளை மூடுவது ஆகிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. இருக்கையை விட்டு எழ மாட்டேன் என்பதும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்பதும் ஒரே முதுகெலும்பிலிருந்து வருபவை. நாதன் கைதானார், இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். ரோசா பார்க்ஸைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி வாங்க வரும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு நாதனைத் தெரியும் என்று நினைக்கும்போதுதான் மனசு கனக்கிறது.

இந்தக் காலத்தின் உச்சம் ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’. வினய் பட்டேல் எழுதி, ஜேமி சைல்ட்ஸ் இயக்கி, 2018 நவம்பர் 11 அன்று வந்தது. முதல் உலகப்போர் முடிந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது. பிரிட்டனே போரில் மாண்டவர்களுக்காகத் தலைகுனிந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு இரவு, பிரிட்டிஷ் வரலாறு அவ்வளவாகப் பேச விரும்பாத இன்னொரு கூட்டத்துச் சாவுகளை இந்தத் தொடர் காட்டியது.

டாக்டரின் தோழி யாஸ்மின் கான், ஷெஃபீல்டில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். மந்தீப் கில் நடித்தார். பாட்டி உம்ப்ரீன் கொடுத்த உடைந்த கைக்கடிகாரத்தின் கதையை அறிய அவள் 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். அங்கே இளம் உம்ப்ரீன், தன் தாத்தா அல்லாத வேறொருவரை மணக்கப்போவதைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை பிரேம், ஓர் இந்து. அவள் போய் இறங்கும் நாள் ஆகஸ்ட் 17. சிரில் ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் வரைந்து முடித்த எல்லைக்கோடு வெளியானதும் அதே நாளில்தான். கோடு இவர்களுடைய நிலத்துக்கு நடுவே ஓடுகிறது. கல்யாணத்தை நடத்தி வைப்பவர் டாக்டர்.

அந்த நிலத்தில் இரண்டு வேற்றுக்கிரக உருவங்கள் அவ்வப்போது தோன்றி மறைகின்றன. திஜாரியன்கள், பிரபஞ்சத்தின் பழம்பெரும் கொலைகாரக் கூட்டம். யாரையோ கொல்ல வந்திருக்கிறார்கள் என்று டாக்டர் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். உண்மை வேறு. அவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அவர்களுடைய கிரகம் அழிந்துவிட்டது. தங்கள் மக்கள் செத்ததை யாரும் பார்க்கவில்லை, யாரும் அழவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு அவர்கள் கொலைத்தொழிலை விட்டுவிட்டார்கள். காலமெங்கும் அலைந்து, யாருமற்றுச் சாகிறவர்களின் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். கொல்வதில்லை, காப்பாற்றுவதுமில்லை. பார்க்கிறார்கள், நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். பஞ்சாபுக்கு அவர்கள் வந்தது பிரேமுக்காக.

பிரேமைக் கொல்ல ஆள் திரட்டி வருபவன் அவனுடைய சொந்தத் தம்பி மனீஷ். பிரேம் பிழைத்தால் உம்ப்ரீன் ஷெஃபீல்டுக்கு வரமாட்டாள், யாஸ்மின் பிறக்க மாட்டாள். டாக்டர் உம்ப்ரீனையும் அவளுடைய தாயையும் தப்பவைத்துவிட்டுத் தோழர்களோடு நடக்கிறார். பின்னால் துப்பாக்கிச் சத்தம். ஒருவரும் திரும்பவில்லை. 2008இல் டேவிட் டென்னண்டின் டாக்டர் எரிமலைக்கு இரையான பாம்பேயி நகரில் இதே நிலைக்கு வந்தபோது, தோழி அழுது கெஞ்ச, ஒரு குடும்பத்தை மட்டுமாவது தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்கிற நமக்கு அது ஆறுதலாக இருந்தது. வினய் பட்டேல் அந்த ஆறுதலைத் தரவில்லை. பிரிவினை நாட்களில் யார் வந்து யாரைத் தூக்கிப்போனார்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸில் அக்காள் வீட்டில் இதைப் பார்த்தபோது அவள் மகள் கேட்டாள்: “ஏன் மாமா, காப்பாத்தியிருக்கலாம்தானே? அவர்கிட்டதான் பெட்டி இருக்கே?”

அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. என் பாட்டியின் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சயாமுக்குப் போனவர். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இந்த வாக்கியத்துக்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆள் வேண்டியிருந்தது. 1942இல் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கானோர். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பிறகு ஆள் கிடைக்காதபோது பிடித்துப் போனார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்கு வரவழைத்துக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். காட்டு முகாம்களில் மலேரியா, வயிற்றுப்போக்கு, புண், 1943இல் காலரா. கைதிகளிடம் ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அதுவும் இல்லை.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 படைவீரர்கள் துயில்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். செத்த தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. சரியான எண்ணிக்கைகூட இல்லை. ஆய்வாளர்களின் கணக்குகள் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கில் விலகி நிற்கின்றன. இந்தப் பாதையை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய டேவிட் லீனின் 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் போர்க்கைதிகளின் கதையைச் சொன்னது. நம்மவர்களின் கதை அதில் இல்லை. பாட்டியின் தம்பி எந்த முகாமில், எந்த மாதம், எதனால் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. செத்தார் என்பதே, அவர் திரும்பி வராததிலிருந்து எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்ட முடிவுதான்.

அதனால்தான் திஜாரியன்களை என்னால் ஒரு நல்ல அறிவியல் புனைவுக் கற்பனை என்று பாராட்டிவிட்டு நகர முடியவில்லை. யாரும் பார்க்காமல் செத்தவர்களுக்கு ஒரு பார்வையாளரை, எவ்வளவு தாமதமாகவேனும், அனுப்ப முடியும் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. கடைசியில் அவர்களுடைய கலத்தில், நினைவில் கொள்ளப்பட்ட முகங்களின் நடுவே பிரேமின் முகமும் எழுகிறது. இங்கே அந்த வேலையை நம் எழுத்தாளர்கள் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி அதே பாதையை ‘நினைவுச் சின்னம்’ நாவலில் எழுதினார். இவர்கள் எவரையும் காப்பாற்றவில்லை; அதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டது. அந்த முகங்களைத் திரும்ப எழுப்பினார்கள். வேடிக்கை பார்ப்பதற்கும் சாட்சியாக நிற்பதற்கும் இடையே உள்ள தூரத்தை எனக்குக் காட்டியவை இந்த நாவல்கள். விட்டேகரின் டாக்டரைச் சரியாகப் பார்க்கவும் இவை உதவின. அவருடைய கண்களில் எப்போதும் தளும்பும் பதற்றத்தைப் பலர் நடிப்புக் குறைபாடு என்றார்கள். பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாதவரின் கண்கள் வேறெப்படி இருக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் காலம் சறுக்கிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’ வந்த அடுத்த வாரமே வந்தது ‘கெர்ப்ளாம்!’. கதை நடப்பது ஒரு மாபெரும் இணைய வணிகக் கிடங்கில். இயந்திரங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டன. மனிதர்களுக்கு 10 விழுக்காடு வேலை சலுகையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர்களைக் கால் விலங்கிட்டுக் கண்காணிக்கிறார்கள். இதையெல்லாம் காட்டிய கதை, முடிவில் குற்றவாளியாக நிறுத்துவது எதிர்த்துக் கிளம்பிய ஓர் இளைஞனை. அவனுக்குப் பாடம் புகட்ட அவன் விரும்பிய பெண்ணைக் கொன்ற கணினி அமைப்பு மன்னிக்கப்படுகிறது. டாக்டரும் அமைப்பின் பக்கம் நிற்கிறார். ஷா ஆலமிலும் கிள்ளானிலும் கிடங்குகளில் இரவெல்லாம் பொட்டலம் பிரிக்கும் வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்களைத் தினமும் பார்க்கிறவர்கள் இந்த முடிவை ஏற்க முடியாது. ஏற்கக் கூடாது.

2020 ஜனவரியில் வந்த ‘ஸ்பைஃபால்’ இன்னும் வலித்தது. நாஜிகள் பிடித்த பாரிஸில் நூர் இனாயத் கான் டாக்டருக்கு அடைக்கலம் தருகிறார். திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூர், பிரிட்டனுக்காக ரகசிய வானொலி இயக்கி, பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாஹாவ் வதைமுகாமில் சுடப்பட்டவர். அவரைக் கதைக்குள் கொண்டுவந்தது நல்ல எண்ணம். ஆனால் அதே கதையில், டாக்டரின் எதிரியான மாஸ்டரை வீழ்த்த டாக்டர் கைக்கொள்ளும் வழி என்ன? மாஸ்டராக நடித்தவர் இந்திய வம்சாவளியினரான சச்சா தவான். தன் தோலின் நிறம் நாஜிகளுக்குத் தெரியாதபடி மாஸ்டர் ஒரு கருவியால் மறைத்து வைத்திருக்கிறார். டாக்டர் அந்தக் கருவியைச் செயலிழக்கச் செய்து, அவரை நாஜிகள் கையில் விட்டுவிட்டுப் போகிறார். எந்த வில்லனாக இருந்தாலும், பழுப்பு நிற மனிதர் ஒருவரின் நிறத்தையே அவருக்கு எதிரான ஆயுதமாக்குவது, ‘ரோசா’வில் அமர்ந்திருந்த டாக்டர் செய்யக்கூடிய காரியமா? எழுதியவர்கள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை என்று தோன்றுகிறது. இந்த இரண்டு சறுக்கல்களிலும் டாக்டர் செயல்படுகிறார், வெல்கிறார், கூர்ந்து பார்க்க மட்டும் மறந்துவிடுகிறார்.

யாஸ்மினுக்கும் அநியாயம் நடந்தது. பஞ்சாபை விட்டு வந்த பிறகு பல அத்தியாயங்களில் அவள் கேள்வி கேட்பதற்காக மட்டுமே நிற்கிறாள். மந்தீப் கில் அந்த வெற்றிடத்தை முகத்தாலேயே நிரப்பினார். டாக்டர்மேல் அவளுக்கிருந்த காதலைச் சொல்லவே 2022 வரை காத்திருந்தார்கள். சொன்ன வேகத்தில் மூடியும் விட்டார்கள்.

ரசிகர்கள் அதிகம் கொதித்தது 2020 மார்ச் 1 அன்று வந்த ‘த டைம்லெஸ் சில்ட்ரன்’ அத்தியாயத்துக்கு. டாக்டர் தம் இனத்தில் பிறந்தவரே இல்லை. எங்கிருந்தோ வந்து தனியாகக் கிடந்த குழந்தை. அதை எடுத்து வளர்த்தவள், செத்துப் பிழைக்கும் அதன் ஆற்றலை மீண்டும் மீண்டும் சோதித்துத் தன் இனத்துக்குச் சாகாவரமாக எடுத்துக்கொண்டாள். பிறகு குழந்தையின் நினைவை அழித்துவிட்டார்கள். சொன்ன விதம் மோசம். மாஸ்டர் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறார். சொன்ன செய்தியை நான் விடமாட்டேன். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. யாருடைய கைகள் சீவிய பாலில் யாருடைய நகரங்கள் எழுந்தன, எழுந்த பிறகு யாருடைய பெயர் அழிந்தது என்பது நமக்குப் புதிய கதையல்ல. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்கென்று 1905இல் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று நின்று பார்த்தால் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று எதுவும் சொல்லாது.

அந்த அத்தியாயம் வந்த அதே மார்ச்சில் பெருந்தொற்று. 18ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 25ஆம் தேதி, விட்டேகர் டாக்டரின் உடையோடு ஓர் அலமாரிக்குள் உட்கார்ந்து தாமே பதிவுசெய்த காணொளி வெளியானது. இதுவும் கடந்துபோகும், ஒருவருக்கொருவர் அன்பாக இருங்கள், மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் பேசினார். அடுக்குமாடியின் ஓர் அறைக்குள் அடைபட்டிருந்த அக்காள் மகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எதிரியை வெல்ல வழி சொல்லாத டாக்டர், கூட இருக்கிறேன் என்று மட்டும் சொன்ன டாக்டர், அந்த வாரங்களில் எங்களுக்குப் போதுமாக இருந்தார்.

2022 அக்டோபர் 23 அன்று, பிபிசியின் நூற்றாண்டுக் கொண்டாட்டமாக, கடைசி அத்தியாயம் வந்தது. முடிவில் பல காலத்துத் தோழர்கள் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து டாக்டரோடு கழித்த நாட்களைப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் ரசல், 1963இல் முதல் கதையில் முதல் தோழராக வந்தவர், 97 வயதில் மறுபடி வந்திருக்கிறார். சாட்சிகளைப் பற்றிய ஒரு காலத்தை, சாட்சிகளின் கூட்டத்தோடு முடித்ததில் சிப்னலுக்கு என் நன்றி.

விட்டேகரின் 31 அத்தியாயங்களில் பாதிக்கு மேல் காலத்தில் நிற்காது என்பது என் கணிப்பு. ‘ரோசா’வும் ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’பும் தொடரின் அறுபதாண்டு வரலாற்றில் எந்தப் பட்டியலிலும் இடம்பெறும் தகுதி கொண்டவை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவதைப் பாருங்கள், வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யாரேனும் இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போன ஆண்டையும் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களை அறிந்தவர்களில் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள்.